நெற்கட்டும்செவல் யாருக்குச் சொந்தம்?



நம்ம சங்கரன்கோவில் பக்கத்துல இருக்கிற சின்ன ஊர் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது, தர முடியாது என்று பூலித்தேவர் நிமிர்ந்து நின்ற ஊர். இன்று அங்கே நினைவு மாளிகை இருக்கிறது. வருஷா வருஷம் செப்டம்பர் 1-ல் பிறந்தநாள் விழா. மாலை போட்டாச்சு, கோஷம் போட்டாச்சு. அப்புறம்?

என் கருத்து இதுதான். பூலித்தேவரை ஒரு சாதிக்குள் அடைக்கக் கூடாது. அவர் படையில் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் முன்னால் நின்றார்கள். மூவரும் வேறு வேறு சாதி. 1767-ல் வாசுதேவநல்லூர் கோட்டைச் சுவரை கர்னல் கேம்பெல் பீரங்கியால் உடைத்தபோது, குண்டு விழ விழ வைக்கோலையும் பனையோலையும் திணித்து ஓட்டையை அடைத்தார்களாம். அந்த வீரத்தை எதிரியே புகழ்ந்து எழுதினார். அடைத்த கைகள் எந்தச் சாதி? யாரும் எழுதி வைக்கல.

நாமோ கையில் கலர் கயிறு கட்டிக்கிட்டு, பெஞ்சில்கூட ஆள் பார்த்து உட்காருறோம்!

நண்பர்களே, அந்தக் கயிறை அவிழ்த்துட்டு எல்லாரும் ஒரே பஸ்சில் அந்த ஊருக்குப் போய்ட்டு வருவோமா? வரலாறு சார் கூட்டிட்டுப் போவாங்கன்னு நம்புறேன்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்