எந்த மண்ணுக்கு மைந்தன்?

2024 ஜூலை மாதம் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்த வாக்குவாதத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கர்நாடக அமைச்சரவை அந்த வாரம்தான் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்திருந்தது. தனியார் தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே என்றது அந்த மசோதா. நம்மில் பலருடைய பிள்ளைகள் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறார்கள். கோபம் வராமல் இருக்குமா? "அது என்ன தனி நாடா?" என்று ஒருவர் கேட்டார். "வரி மட்டும் எல்லோரிடமும் வாங்கிக்கொள்வார்களா?" என்றார் இன்னொருவர்.

நானும் கோபப்பட்டவன்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு விஷயம் மனதை உறுத்தியது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, தமிழகத் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கே கிடைக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் சொன்னது. அப்போது கொரோனா காலம், கூட்டம் கிடையாது. தொலைபேசியில்தான் பேசிக்கொண்டோம். "சபாஷ், இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று அன்று சொன்னவர்கள் யார்? நாம்தான். நானும் "ஆமாம்" போட்டேன். மூன்று வருஷம் கழித்து அதே விஷயம் பக்கத்து மாநிலத்தில் வந்தால் அநியாயமாகிவிடுகிறது!

இதைப் பற்றி யோசிக்க யோசிக்க, கோபம் வேறு பக்கம் திரும்பியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்சி சார்ந்து எழுதவில்லை. இந்த வியாதி இல்லாத கட்சியும் இல்லை, மாநிலமும் இல்லை.

முதலில் என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரன். மகன் 1988-இல் கல்யாணில் பிறந்தான். படிப்பெல்லாம் இங்கேதான். 2011-இலிருந்து பெங்களூரில் வேலை. பேத்தி 2016-இல் அங்கே பிறந்தாள். கர்நாடக மசோதாவின்படி உள்ளூர்க்காரர் என்றால் மூன்று தகுதி வேண்டும்: அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும்; பதினைந்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்; கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். என் பேத்தி பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். 2031-இல் அவள் உள்ளூர்க்காரி ஆகிவிடுவாள். அவள் அப்பா? பதினைந்து அல்ல, ஐம்பது வருஷம் இருந்தாலும், கன்னடத்தில் காவியமே எழுதினாலும் ஆக முடியாது. பிறந்த இடத்தை யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா?

சரி, தமிழ்நாட்டுக்குப் போகலாமா என்றால், அங்கே அவன் பிறக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. தமிழ் பேசுவான், எழுதச் சொன்னால் தடுமாறுவான். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மகாராஷ்டிரத்தில் பிறந்தவன் என்று இங்கே வந்து நின்றால் பெயரைப் பார்த்ததும் "மதராசியா?" என்பார்கள். செய்தி வந்த அன்று இரவு தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அப்பா, எல்லாரும் மண்ணின் மைந்தர்ங்கறாங்களே, நான் எந்த மண்ணுக்குப்பா மைந்தன்?" அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கோஷம் எனக்குப் புதிதல்ல. 1981-இல் ஒரு டிப்ளமா சர்டிபிகேட்டும் டிரங்குப் பெட்டியுமாக மத்திய ரயில்வேயில் பாதை ஆய்வாளராக, அதாவது பி.டபிள்யூ.ஐ. வேலைக்கு, வந்து சேர்ந்தேன். 1966-இல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கே தென்னிந்தியர்கள்தான். எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர்கள் என்று 'மார்மிக்' பத்திரிகையில் பெயர்ப் பட்டியலே போட்டார்கள். நான் வந்தபோது அந்தச் சூடு தணிந்திருந்தது. ஆனாலும் மூத்தவர்கள் மாட்டுங்காவிலும் தாராவியிலும் நடந்ததைச் சொல்லி, "வெளியில் சத்தமாகத் தமிழ் பேசாதே" என்று எச்சரித்தது நினைவிருக்கிறது.

என் முதல் பெரிய பொறுப்பு கசாரா மலைப்பாதையில். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னாலிருந்து தள்ள எஞ்சின் கொடுத்தால்தான் வண்டி ஏறும். மழைக்காலத்தில் இரவு முழுக்கப் பாதையைக் காவல் காக்க வேண்டும். என் கேங்கில் மராத்தியர், தெலுங்கர், உத்தரப் பிரதேசத்தார், பக்கத்து மலை ஆதிவாசிகள் எல்லோரும் உண்டு. கேங் மேட் ஒரு மராத்தியர், என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு மராத்தி கற்றுக்கொடுத்தது அவர்தான். தண்டவாளத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

ஒரு மழை இரவில் குடிசையில் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "சாஹேப், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு காகிதத்தோட வந்தீங்க, வேலை கிடைச்சுது. என் பையன் பத்துக் கிலோமீட்டர்ல இருக்கான். அவன்கிட்ட காகிதம் இல்லை."

அந்தப் பேச்சில் விரோதம் இல்லை. உண்மை இருந்தது. நாற்பது வருஷமாக அதற்குப் பதில் தேடுகிறேன். எனக்கு அந்தக் காகிதம் எப்படிக் கிடைத்தது? என் அப்பா கூலி விவசாயி. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் கிராமம்தோறும் பள்ளி வந்தது, மதிய உணவு வந்தது. அதனால் நான் பிறந்தபோதே எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. பிறகு பஸ் போகும் தூரத்தில் பாலிடெக்னிக் இருந்தது. எனக்கு யாரும் பிறப்பை வைத்து வேலை தரவில்லை. எங்கு போனாலும் பிழைக்கிற படிப்பைத் தந்தார்கள். மேட்டின் மகனுக்கு அந்த மலையடிவாரத்தில் அப்படி ஒரு பள்ளியோ தொழிற்பயிற்சி நிலையமோ கைக்கெட்டவில்லை. அது அவன் குற்றமும் அல்ல, என் குற்றமும் அல்ல. அவனுடைய மாநிலத்தை ஆண்டவர்களின் குற்றம். அவர்களோ, "உன் வேலையை மதராசி பறித்துவிட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மும்பையில் மராத்தித் தொழிலாளியின் வேலை உண்மையில் எங்கே போயிற்று? 1982 ஜனவரி 18-ஆம் தேதி பருத்தி மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். காலை முதல் ஷிப்டுக்குப் பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்ளி நிலையங்களில் வண்டி வண்டியாக இறங்கிய கூட்டம் என் கண்ணெதிரே கரைந்தது. பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. லோயர் பரேலில் மில் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் இன்று மாலும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. அந்த நிலத்தை விற்றது எந்த மதராசி? எந்த பிகாரி? ஆனால் அந்தக் கேள்வியை எந்தத் தலைவரும் தெருவில் இறங்கிக் கேட்கவில்லை. டாக்ஸிக்காரனை அடிப்பது அதைவிடச் சுலபம்.

இப்போது மாநிலங்களுக்குள் போட்டியே நடக்கிறது. 2019-இல் ஆந்திரம் தொழிற்சாலைகளில் 75 சதவீதம் என்று சட்டம் போட்டது. ஹரியானா 2020-இல் சட்டம் இயற்றி, மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 சதவீதம் என்று 2022 ஜனவரியில் அமல்படுத்தியது. 2021-இல் ஜார்க்கண்டும் அதே 75-ஐப் பிடித்துக்கொண்டது. ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. கர்நாடக மசோதா தொழில்துறையின் எதிர்ப்பைக் கண்டு அந்த வாரமே கிடப்பில் போடப்பட்டது. அந்தக் களேபரத்தில் ஆந்திர அமைச்சர் ஒருவர், "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று நிறுவனங்களை அழைத்தார். முன்பிருந்த ஆட்சி போட்ட சட்டம் அவர்கள் மாநிலத்திலேயே இருந்ததை அவர் மறந்துவிட்டார் போலும்!

இந்தத் தலைவர்களுக்குச் சாசனம் தெரியாதா? அரசு வேலையில் பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. வசிப்பிடத்தை ஒரு நிபந்தனையாக்க வேண்டுமானால் அந்த அதிகாரமும் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு, மாநிலச் சட்டசபைக்கு இல்லை. எங்கும் வசிக்கவும் தொழில் செய்யவும் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. எல்லாம் தெரியும். நீதிமன்றம் ரத்து செய்யும் என்பதும் தெரியும். ரத்தானால் "நாங்கள் கொடுத்தோம், கோர்ட்டு தடுத்தது" என்று ஓட்டுக் கேட்கலாம். ஒரு பாலிடெக்னிக் கட்டப் பணம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பத்து வருஷம் பொறுமை வேண்டும். இதற்கு ஒரு தாள் போதும்.

இந்தத் தாளின் விலையை ரயில்வேக்காரன் நன்றாக அறிவான். 2003 நவம்பரில் கீழ்நிலை வேலைக்கான ரயில்வே தேர்வு எழுத கௌஹாத்திக்குப் போன பிகார் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பதிலுக்கு பிகாரில் ரயில்களை மறித்து வடகிழக்குப் பயணிகளைத் தாக்கினார்கள். அதன் எதிரொலியாக அஸ்ஸாமில் ஏழை பிகாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள். 2008 அக்டோபரில் மும்பையில் ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைத் தொண்டர்கள் அடித்து விரட்டினார்கள். மறுநாள் பிளாட்பாரத்தில் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி, ஊருக்குப் போகும் வண்டிக்காக உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்தேன். ஒருவனுடைய செருப்பு ஒற்றைக் காலில்தான் இருந்தது. 1981-இல் வந்து இறங்கிய என்னைப் பார்ப்பது போலிருந்தது.

இனி நம் ஊர்க் கதை. போன முறை ஊருக்குப் போனபோது தங்கை வீட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தாள் வேலையில் நான்கு ஜார்க்கண்ட் பையன்கள். தங்கை கணவர், "எல்லாம் வடக்கன் கைக்குப் போயிட்டு மச்சான். நம்ம பயலுவ எங்க போவானுவ?" என்றார். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவன் ஹைதராபாத்தில், இன்னொருவன் துபாயில் இருக்கிறான்! நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன்களிடம் இந்தியில் இரண்டு வார்த்தை பேசினேன். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "மதராசி" என்ற சொல் நாற்பது வருஷம் நம் காதில் எப்படி விழுந்ததோ, "வடக்கன்" என்ற சொல் அவர்கள் காதில் அப்படித்தானே விழும்? 2023 மார்ச்சில் தமிழகத்தில் பிகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, அரசு மறுத்த பிறகும் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஓடிவந்ததை மறக்காதவர்கள், அந்தப் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளூர்க்காரனுக்கு எந்த முன்னுரிமையும் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலம் கொடுத்தவன் குடும்பத்துக்கு முதலில் வேலை கொடு. கொங்கண் ரயில்வேயில் நிலம் இழந்தவர்களுக்கு அப்படி முன்னுரிமை தந்தார்கள். அது நியாயம். பொதுமக்களோடு பேசிப் பழகும் அரசு வேலைக்கு மாநில மொழி தெரிய வேண்டும் என்றால் அதுவும் நியாயம். மொழியைக் கற்றுக்கொள்ளலாம்; பிறப்பைக் கற்றுக்கொள்ள முடியாது. முடிந்ததைக் கேட்பது சட்டம், முடியாததைக் கேட்பது வெறும் விரட்டல்.

நம்மிடமும் குறை உண்டு. நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்தும் காய்கறிக் கடைக்கு வேண்டிய அளவுக்கு மேல் மராத்தி தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? இங்கே குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொண்டு, ஊரில் உரிமை பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தேர்தலில், இங்கே ஆனாலும் ஊரில் ஆனாலும், "75 சதவீதம்" என்று எவர் வாக்குறுதி கொடுத்தாலும், கைதட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்கள் ஆட்சியில் எத்தனை தொழிற்பயிற்சி நிலையத்தில் மிஷினும் வாத்தியாரும் சேர்ந்து இருக்கிறார்கள்?" ஊரிலிருக்கும் உறவினர்கள் "வடக்கன்" என்று ஆரம்பித்தால், நான் அன்று செய்தது போல வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாமும் ஓர் ஊருக்கு வடக்கன், தெற்கத்தியான், மதராசி என்று பேர் வாங்கியவர்கள்தான் என்று சொல்லுங்கள். நாம் சொன்னால் அவர்கள் கேட்பார்கள், அனுபவித்தவர்கள் அல்லவா?

என் கேங் மேட் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் கடைசிவரை கசாராவில் கூலி வேலைதான் பார்த்தான். பேரன் மட்டும் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, குஜராத்தில் ஒரு தொழிற்சாலையில் இருப்பதாகப் போன வருஷம் கேள்விப்பட்டேன். அவனை அங்கே யாரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்டு விரட்டாமல் இருக்க வேண்டும்.