விசிலைக் கீழே வையுங்கள், சார்

கோடை முகாமுக்கு ஒரு வாரம் பொறுப்பாளராகப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: ‘பசங்களைச் சும்மா விடாதீங்க.’ இதைவிட மோசமான அறிவுரை கிடையாது.

1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களோடு முகாம் போட்டார். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். நாம் என்ன செய்கிறோம்? விசில் அடித்து எழுப்புகிறோம், விசில் அடித்துச் சாப்பிட வைக்கிறோம், நடுவில் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்குப் படம் அனுப்புகிறோம்.

நானும் அப்படி ஒரு சார்தான். போன மே மாதம், கூடாரக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பையனிடமிருந்து அதைப் பிடுங்கி இரண்டே நிமிடத்தில் கட்டிக்கொடுத்தேன். மீதி ஐந்து நாளும் எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவன் என் முகத்தைப் பார்த்தான். ஆபீஸில் ஜூனியர் எழுதிய புரோகிராமை நானே திருத்தி எழுதிவிடுகிற அதே வியாதி.

கையைக் கட்டிக்கொள்வது என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, குளிக்கிற இடத்தில் ஆழம் எவ்வளவு, ராத்திரி எந்தப் பிள்ளை அழுகிறது என்பதெல்லாம் உங்கள் வேலை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. இதில் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூடாரம் சாய்வதும் சோறு குழைவதும் அவர்கள் வேலை. குழைந்த சோற்றைத் தின்றவர்கள் மறுநாள் தாங்களே தண்ணீரைக் குறைத்து வைப்பார்கள். அந்த மறுநாளைத்தான் நாம் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.