ஓராண்டுக் குறிப்பேடு யாருக்காக?

உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி ஓராண்டில் உடலைச் சீராக்கிக்கொள்ள முனைவோரிடம் ஒரு குறிப்பேடு எழுதி வருமாறு நாங்கள் சொல்வது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கங்களே அதற்குப் போதும். அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சிலவற்றை மனம்விட்டுக் கூற விரும்புகிறோம்.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள, ஐம்பதைக் கடந்த அன்பர் ஒருவர் மாதாந்திரப் பரிசோதனைக்குத் தம் குறிப்பேட்டுடன் வந்தார். நான்கு வாரக் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. முந்தைய நாள் இரவு ஒரே மூச்சில் எழுதப்பட்டது என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. வாரத்திற்கு அரைக் கிலோ வீதம் எடை பிசகாமல் குறைந்திருந்தது. எங்கள் எடைக்கருவியோ வேறு சொன்னது. அன்று அவரைக் கடிந்துகொண்டோம்.

பிழை எங்களுடையது என்பது பிற்பாடுதான் புரிந்தது. வீட்டில் மாலைதோறும் அவர் மகள் குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பாராம். எடை கூடியிருந்தால் அன்றிரவு சாப்பாடு சண்டையில்தான் முடியுமாம். இங்கே வந்தால் நாங்கள் முகம் சுளிப்போம். வீட்டிலும் மருத்துவமனையிலும் விசாரணையே நடக்குமானால் யார்தான் உள்ளதை உள்ளபடி எழுதுவார்?

குறிப்பேடு நோயாளிக்கே உரியது. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை குடும்பத்தாருக்கு இல்லை என்பது எங்கள் கருத்து. அவராக விரும்பிக் காட்டினால் பார்க்கலாம். அக்கறையினால்தானே பார்க்கிறோம் என்று சிலர் வருந்தக்கூடும். அக்கறையை நாங்கள் ஐயுறவில்லை. ஆனால் பொய்யாக எழுதப்பட்ட பக்கத்தை நம்பி நாங்கள் மாத்திரையின் அளவை மாற்றினால் விளையும் தீங்கு நோயாளியின் உடலுக்குத்தான்.

இனி, அதில் எதை எழுதுவது? பெரும்பாலோர் எடையை மட்டும் எழுதுகிறார்கள். அதையும் காலையும் மாலையும் பார்த்து எழுதுகிறார்கள். உடலின் எடை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலும் ஏறி இறங்கும். உண்ட உப்பு, குடித்த நீர், வியர்வை, மலச்சிக்கல் எல்லாமே அதில் அடங்கும். இத்தாலிய மருத்துவர் சந்தோரியோ தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்து 1614-இல் ஒரு நூலே வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் உடலிலிருந்து வெளியேறுவது எவ்வளவு என்பதே அவருடைய வியப்பு. நானூறு ஆண்டுகள் கழிந்தும் நம் வீட்டு எடைக்கருவி அதே குழப்பத்தைத்தான் நமக்குத் தருகிறது. ஆகவே வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, உண்பதற்கு முன், ஒரே வகை உடையில், ஒரே கருவியில் பார்ப்பது போதும்.

தொடக்க வாரங்களில் இன்னொரு மயக்கமும் உண்டு. சோற்றையும் இனிப்பையும் குறைத்தவுடன், கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டிருந்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்தே இருக்கிறது. எனவே முதற் பதினைந்து நாள்களில் குறையும் எடையில் பெரும்பங்கு நீரே. இதை அறியாதவர் முதல் மாதம் மகிழ்ச்சியில் மிதக்கிறார். நான்காம் மாதம் எடை அசையாமல் நிற்கும்போது அனைத்தையும் கைவிடுகிறார். நான்காம் மாதத்தில்தான் குறிப்பேட்டில் வேறு சில எண்களும் இருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், தையல் நாடாவை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து அளப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

அடுத்தது, உடலால் என்ன செய்ய முடிகிறது என்பது. சுவரோரம் போட்ட நாற்காலியில் கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு அமர்ந்து, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். உணவை மட்டும் குறைத்து உடலை அசைக்காமல் இருப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைக்கருவி அதையும் வெற்றியாகவே காட்டும். நாற்காலி அவ்வாறு ஏமாற்றாது. மாடிப்படி ஏறுகையில் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது, தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா என்பவற்றையும் எழுதலாம். வீட்டுப் பயிற்சிக்குக் கருவிகள் வேண்டியதில்லை. மொட்டைமாடியில் விரைநடை, சுவரில் கையூன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், நீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றோடு தொடங்கலாம். வாரத்திற்கு 150 நிமிட நடையும், இரண்டு நாளேனும் தசைக்கான பயிற்சியும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு.

எடை குறையாவிட்டால் இவற்றால் என்ன பயன் என்று கேட்போருக்கு, சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். சர்க்கரை நோயின் வாயிலில் நின்றவர்களுள் வழக்கம்போல் வாழ்ந்தோரில் 100-க்கு 55 பேருக்கு மூன்றாண்டுகளில் நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியோரில் ஏறத்தாழ 39 பேருக்கே வந்தது. மாற்றியோரின் சராசரி எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் அவர்களும் தோற்றுவிட்டோம் என்றே எண்ணியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. குறிப்பேட்டில் எண்கள் நன்றாக இருக்கின்றன என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்தாதீர்கள். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், உணவைக் கடுமையாகக் குறைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஓராண்டில் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் வந்தது உண்மை. ஆயினும் அவர்கள் நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மருந்து நிறுத்தப்பட்டதும் மருத்துவக் கண்காணிப்பில்தான். மறுபுறம், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டே உணவைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்த நாளையும் நேரத்தையும் அவசியம் எழுதுங்கள். எங்களுக்கு எடையைவிட அந்த வரியே முக்கியம். முயற்சி ஏதுமின்றி எடை குறைந்தால் காத்திராமல் வாருங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரத உணவைக் கூட்டுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்.

குடும்பத்தார் குறிப்பேட்டைப் பார்க்காமல் வேறென்ன செய்யலாம்? ஒரே உலையில் சமைக்கலாம். வீட்டில் ஒருவருக்குக் கேழ்வரகுக் கூழும் மற்றவர்களுக்குப் பிரியாணியும் என்றால் அந்த ஒருவர் நோயாளியாக மட்டுமல்ல, தண்டனை பெற்றவராகவும் உணர்கிறார். (சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையும் தவறு, கேழ்வரகும் கம்பும் மாவுச்சத்துதான், அளவு அங்கும் உண்டு.) எல்லோர் தட்டிலும் பாதிக்குக் காய்கறி, சோறு சற்றுக் குறைவு, கூடவே சுண்டலோ முட்டையோ பருப்போ என்று வைத்தால் தனிச் சமையலே தேவைப்படாது. மாலை நடைக்குக் கூடவே செல்லலாம். அது ஆயிரம் அறிவுரைக்குச் சமம் என்பது எங்கள் அனுபவம்.

முதலில் சொன்ன அன்பரிடம் நாங்கள் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். மகளிடமும் பேசினோம், அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. குறிப்பேட்டை இனி யாரும் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. தீபாவளி கழிந்து அவர் வந்தபோது தாமாகவே அதை எடுத்து மேசைமேல் வைத்தார். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. நாற்காலிக் கணக்கு 9-இலிருந்து 13 ஆகியிருந்தது. பண்டிகை வாரத்துப் பக்கத்தில் இரு வேறு பேனாக்களில் இவ்வாறு எழுதியிருந்தார்: "அதிரசம் 4. முறுக்கு எண்ணவில்லை."