வண்ணம் மட்டும் காக்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் சாம்பல் நிற மலை அணிலைக் காணச் செல்பவர்களின் கண்ணுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. மரக்கிளையின் நிறமும் அதன் மயிரின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. அசையாமல் இருக்கும்வரை அது மறைந்திருக்கிறது, தாவும்போதுதான் தெரிகிறது. அதன் பெரும்பகை தரையில் இல்லை. வானில் வட்டமிடும் கழுகுதான் அதன் அச்சம்.

2025 குடியரசு நாள் அணிவகுப்பில் டி-90 பீஷ்மா டாங்கி தில்லி கடமைப் பாதையில் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எங்கள் ஊர் மலையடிவாரத்து அணில்தான் என் நினைவுக்கு வந்தது. அந்த டாங்கியின் வண்ணம் யாருடைய கண்ணிலிருந்து அதை மறைக்கிறது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

டாங்கி முதன்முதலாகப் போர்க்களம் கண்டது 1916 செப்டம்பரில், பிரான்ஸில். அந்த பிரிட்டிஷ் டாங்கிகளுக்குப் பல வண்ணப் பூச்சை வகுத்துத் தந்தவர் சாலமன் ஜே. சாலமன் என்ற ஓவியர். களத்துச் சேறு அத்தனை வண்ணங்களையும் மூடிவிட்டது. 1980-களில் பெர்லின் நகரில் இருந்த பிரிட்டிஷ் படை, கட்டடங்களுக்கு இடையே மறைவதற்காகத் தன் டாங்கிகளின்மீது வெள்ளை, சாம்பல், பழுப்புக் கட்டங்களை வரைந்தது. 1991 வளைகுடாப் போருக்காக ஜெர்மனியிலிருந்து வந்த அமெரிக்க டாங்கிகளின் பச்சை நிறம், சவூதி அரேபியாவில் மணல் நிறமாக மாற்றப்பட்டது.

நம் நாட்டின் சிக்கல் இன்னும் பெரிது. ராஜஸ்தானின் மணல், பஞ்சாபின் பசுமையான வயல், லடாக்கின் பழுப்புப் பாறை என மூன்று வேறு நிலங்களில் நம் டாங்கிகள் நின்றாக வேண்டும். பச்சையும் மணல் நிறமும் கலந்த பட்டைகளை அவற்றில் காண்பதற்கு இதுவே காரணம்.

பூச்சிலும் நுட்பம் உண்டு. பச்சை இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். சாதாரணப் பச்சைப் பூச்சு அவ்வாறு செய்யாது. ஆகவே, வெறும் கண்ணுக்கு இலையோடு இலையாகத் தெரியும் வாகனம், இரவுநேரக் கருவியில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கப்படும். இதைத் தவிர்க்கவே ராணுவப் பூச்சில் தனி வகை நிறமிகள் சேர்க்கப்படுகின்றன.

ஆனால், வெப்பத்தைக் காணும் கருவிகள் பரவிய பிறகு இந்த நுட்பமும் போதவில்லை. எஞ்சின், புகைபோக்கி, உராய்ந்து சூடேறும் சங்கிலிப் பட்டை, சுட்டு முடித்த பீரங்கிக் குழல் ஆகிய அனைத்தும் நள்ளிரவிலும் அக்கருவியில் ஒளிர்கின்றன. பூச்சு ஒன்றினால் மட்டும் இந்த வெப்பத்தை மறைத்துவிட முடியாது.

இப்போது கழுகும் வந்துவிட்டது. 2020-இல் நகோர்னோ-கராபாக் போரில் ஆர்மீனியாவின் டாங்கிகளை அஜர்பைஜானின் ட்ரோன்கள் வானிலிருந்து அழித்தன. உக்ரைன் போரிலோ, டாங்கியின் விலையோடு ஒப்பிடவே முடியாத மலிவான ட்ரோன்கள் அதே வேலையைச் செய்கின்றன. டாங்கியின் கவசம் முன்புறத்தில் மிகத் தடிமனாகவும் மேற்புறத்தில் மெல்லியதாகவும் இருப்பது காலங்காலமாக வந்த வடிவமைப்பு. அந்த மேற்புறத்தைக் காக்க ரஷியப் படையினர் இரும்புக் கம்பிக் கூண்டுகளைப் பற்றவைத்தனர். பிறகு டாங்கி முழுவதையும் ஆமை ஓடுபோல் தகடுகளால் மூடினர். பல ட்ரோன்களை இவை தடுத்தன என்றாலும், பீரங்கி தாங்கிய மேற்கூடு சுழல்வதற்கும், ஆபத்து நேரத்தில் வீரர்கள் வெளியேறுவதற்கும் இவையே இடையூறாயின.

டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று சிலர் வாதிடுகின்றனர். இதை நான் ஏற்கவில்லை. 2020-இல் கிழக்கு லடாக்கின் உயரங்களில் நம் டாங்கிகள் ஏறி நின்றது, சீனாவுடனான பேச்சில் நம் கையை வலுப்படுத்தியது. டாங்கி தேவை என்பதில் ஐயமில்லை. அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்வி தமிழகத்துக்கு நெருக்கமானது. 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் அஜேயாவும் பீஷ்மாவும் அர்ஜுனும் வந்தன. மேம்படுத்தப்பட்ட அர்ஜுன் மார்க்-1ஏ 2021 பிப்ரவரி 14-இல் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ரூ.7,523 கோடியில் 118 டாங்கிகளுக்கு ஆணை பிறந்தது. வெடித்து எதிர்க்கும் கவசக் கட்டிகள், லேசர் கதிர் படுவதை உணர்த்தும் கருவி, உள்ளிருந்தபடியே இயக்கும் இயந்திரத் துப்பாக்கி என அதன் சாதனங்கள் பாராட்டத்தக்கவை. ஆனால் எடை 68 டன். எஞ்சினுக்கோ ஜெர்மனியை நம்பியிருக்க வேண்டிய நிலை. 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சின் 2024 மார்ச்சில்தான் மைசூருவில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது.

இந்நிலையில், 2024 செப்டம்பரில் எதிர்காலப் போர் வாகனம் என்ற அடுத்த தலைமுறை டாங்கித் திட்டத்துக்குப் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் இசைவு தந்தது. அந்த டாங்கியின் தோற்றத்தை முடிவுசெய்யும் வேளை இதுதான். மேற்புறக் காப்பு, பின்னாளில் பற்றவைக்கும் கூண்டாக அல்லாமல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். வரும் ஏவுகணையை வழியிலேயே தகர்க்கும் கருவியை இஸ்ரேல் 2011-லேயே போர்க்களத்தில் பயன்படுத்திவிட்டது. நாம் அதைக் கூடுதல் வசதியாகக் கருதுவது இனியும் பொருந்தாது. அது ட்ரோனையும் தடுக்க வல்லதாக வளர்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது தேவை, வெப்பத்தை மறைக்கும் போர்வை. இது அடிப்படையில் துணி சார்ந்த தொழில்நுட்பம். ஜோத்பூரிலும் கான்பூரிலும் உள்ள பாதுகாப்பு ஆய்வகங்கள் இத்துறையில் உழைத்து வருகின்றன. எங்கள் பகுதியிலோ ராஜபாளையத்தில் நூற்பாலைகள் உள்ளன. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகள் நாடெங்கும் மருத்துவமனைகளுக்குக் காயக்கட்டுத் துணி நெய்கின்றன. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்கள் சென்னை, ஒசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்தும்தான். இரும்பையும் எஞ்சினையும் எண்ணி வகுக்கப்பட்ட அந்த வரைபடத்தில் தறிக்கும் இடம் வேண்டும். ஆய்வகங்கள் தங்கள் தேவையை வெளிப்படையாக அறிவித்து, சிறு ஆலைகளிடம் மாதிரித் துணி கேட்கலாம். பெரிய செலவு இல்லாத முயற்சி இது.

அர்ஜுன் டாங்கிக்குள் நான்கு பேர் அமர்கின்றனர். அணிவகுப்பில் நாம் கைதட்டுவது வண்டியின் மிடுக்குக்கு. போரில் அவர்கள் உயிரோடு திரும்புவது, எதிரியின் கருவியில் அந்த வண்டி எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் பொருத்தது. புதிய டாங்கிக்கான தகுதிகளை வரையறுக்கும் அதிகாரிகள், வானிலிருந்தும் வெப்பக் கருவியிலிருந்தும் அது எப்படித் தோன்றும் என்ற சோதனையை முதல் தேர்வாக வைக்கட்டும்.