விடை ஊர் போய்ச் சேரட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர் அவர்களுக்கு,



அரசுத் துறை ஒன்றின் மாவட்ட அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். சட்டப்பேரவைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அங்கே அமைச்சர்கள் அளித்த விடைகளில் சிலவற்றுக்கு முதல் வரைவு என் மேசையில்தான் எழுதப்பட்டது. அந்த உரிமையில் தங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் எல்.ஏ.க்யூ. என்று சொன்னால் போதும், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். சட்டமன்ற வினா. பேரவைச் செயலகத்திலிருந்து கோட்டையில் உள்ள துறைக்கு, அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கு, பிறகு மாவட்டத்துக்கு, கடைசியில் களத்தில் இருப்பவருக்கு என்று அந்தத் தாள் படிப்படியாக இறங்கி வரும். எங்களிடம் வரும்போது மேலே சிவப்பு மையில் 'மிக மிக அவசரம்' என்று எழுதியிருக்கும். விடையோடு அதே படிகளில் அது திரும்ப ஏற வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதுவரை மற்றக் கோப்புகள் மூடியே கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கும் அலுவலகத்தில் விளக்கு எரியும்.

அப்படி வந்த வினாக்களில் ஒன்று மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

ஓர் ஊராட்சியில், ஓடையின் குறுக்கே சிறுபாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா என்று அந்தத் தொகுதியின் உறுப்பினர் கேட்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஐப்பசி பிறந்துவிட்டால் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் வர வேண்டும். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

வினாவைப் படித்ததும் ஆவண அறைக்குப் போய்ப் பழைய கோப்பைத் தேடினேன். கயிறு கட்டிய ஒரு கட்டுக்குள் அகப்பட்டது. உள்ளே ஊர்மக்கள் கொடுத்த மனுக்கள் ஏழு இருந்தன. குறைதீர் நாளில் கொடுத்தவை சில, அதிகாரிகள் அந்தப் பக்கம் வந்தபோது கொடுத்தவை சில. ஒரு மனுவில் கையெழுத்துக்குப் பதிலாக வரிசை வரிசையாகக் கைநாட்டு. அந்த ஊதா மை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருந்தது. ஒவ்வொரு மனுவின் ஓரத்திலும் எங்கள் அலுவலக முத்திரையும் தேதியும், 'கோப்பில் சேர்க்கவும்' என்ற குறிப்பும் இருந்தன. அவற்றில் இரண்டு குறிப்புகள் என் கையெழுத்தில் இருந்தன.

ஏழு மனுக்களுக்கு அசையாத கோப்பு ஒரே ஒரு வினாவுக்கு அசைந்தது. மறுநாள் காலையிலேயே உதவிப் பொறியாளர் ஓடைக்குப் போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, டேப் பிடித்து அகலம் அளந்தார். ஊரே கரையில் கூடிவிட்டதாம். ஒரு அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, "இத்தனை வருசத்துல எறங்கிப் பாத்தது நீங்கதான் சார்" என்றாராம். சாயங்காலம் அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு நான் எழுதிய விடை இரண்டே வரி: 'மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது. நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.'

அதோடு, துணை வினா எழுந்தால் அமைச்சருக்கு உதவ ஒரு குறிப்பும் இணைத்தேன். அது ஒன்றரைப் பக்கம். முன்பே இரண்டு முறை மதிப்பீடு போட்டு மேலே அனுப்பியது, இரண்டு முறையும் அது திரும்பி வந்தது, அணுகுபாதைக்கு ஆறு சென்ட் பட்டா நிலம் தேவைப்பட்டது, நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்து ஓராண்டு ஆகியும் அந்தக் கடிதத்தை யாரும் மேலே அனுப்பாதது, எல்லாம் அதில் இருந்தது. உண்மை முழுவதும் அந்த ஒன்றரைப் பக்கத்தில்; விடையில் அதில் ஒரு துளிகூட இல்லை. உறுப்பினர் எழுந்து "ஏன் தாமதம்?" என்று ஒரு துணை வினா கேட்டிருந்தால் எல்லாம் அவைக்கு வந்திருக்கும்.

கூட்டத்தொடர் முடிந்தது. அந்த வினா அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டதா என்று எங்களுக்குத் தகவல் வரவில்லை. நகலைக் கோப்பில் வைத்துக் கயிற்றைக் கட்டினோம். அந்த ஓடையைப் பற்றி அரசு எழுதி வைத்த விடை என்ன என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாலம் வந்தது, ஒன்பது ஆண்டு கழித்து. உதவிப் பொறியாளர் அளந்த அன்று கரையில் நின்ற பிள்ளைகள் அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பார்கள்.

ஐயா, மக்கள் பிரதிநிதி கேட்கும் வினாவுக்கு எத்தனை வலு உண்டு என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்த உரிமை நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1892ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆங்கிலேயர் காலத்துச் சட்டசபைகளில் உறுப்பினர்கள் கேள்வி கேட்க முதன்முதலாக இடம் கொடுத்தது. அப்போதும் விடையின் மேல் இன்னொரு கேள்வி கேட்க முடியாது. துணை வினாவுக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். மற்ற உறுப்பினர்களும் துணை வினா கேட்கலாம் என்ற நிலை 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. கேள்வியைக் கொடுத்த ஆட்சி துணைக் கேள்வியைக் கொடுக்க ஏன் அவ்வளவு தயங்கியது என்பது, அந்த ஒன்றரைப் பக்கக் குறிப்பை எழுதிய எனக்குப் புரிகிறது. முதல் கேள்விக்கான விடையை முன்கூட்டியே செதுக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு நடந்ததைத்தான் சொல்லியாக வேண்டும்.

விடாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மவர் ஒருவர் சம்பந்தப்பட்ட சரித்திரமே இருக்கிறது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதுபற்றி மக்களவையில் எழுந்த வினாவுக்கு முதலில் வந்த விடை யாருக்கும் நிறைவளிக்கவில்லை. பெரோஸ் காந்தி அதோடு விடவில்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். ஆனாலும் கேட்டார், மேலும் மேலும் கேட்டார். நீதிபதி எம்.சி. சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். காப்பீடு கட்டிய எளிய மக்களின் பணத்துக்காக ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரே தம் அரசைக் கேட்டார் என்பதை நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வினா எதிர்க்கட்சிக்கு மட்டும் உரிய ஆயுதமல்ல.

'இல்லை' என்று வரும் விடைக்கும் பயன் உண்டு. 2020 செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றக் கூட்டத்தொடரில், தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் செய்தார்கள். எழுத்து மூல விடைகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் வீடு திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படியொரு கணக்கு பராமரிக்கப்படவில்லை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. நடந்தே ஊர் திரும்பியவர்களின் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதை நாடு அந்த விடையால்தான் அறிந்தது. ஆனால் "ஏன் கணக்கெடுக்கவில்லை?" என்று அமைச்சரின் முகத்தைப் பார்த்துக் கேட்க அன்று ஒருவருக்கும் வழி இல்லை.

நம் பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. ஓய்வு பெற்ற எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் பார்க்கப் பார்க்க ஓர் ஏக்கமும் கூடுகிறது. உறுப்பினர் எழுந்ததும் தம் தலைவருக்கும் தொகுதி மக்களுக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. அமைச்சரின் விடையிலும் வாழ்த்தும் பாராட்டும் முன்னால் நிற்கின்றன. அந்த நாளின் பட்டியலில் எங்கோ கீழே காத்திருக்கும் ஒரு வினாவுக்காக, ஏதோ ஓர் அலுவலகத்தில் இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிந்திருக்கும். எங்கோ ஒருவர் ஓடையில் இறங்கி அளந்திருப்பார்.

ஆகவே தங்களிடம் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, கேள்வி நேரத்தைக் கேள்விக்கு மட்டும் ஒதுக்கித் தாருங்கள். நன்றியும் பாராட்டும் சொல்ல மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் துணை வினாவுக்குப் போகட்டும்.

இரண்டாவது, 'பரிசீலிக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' என்ற சொற்களோடு மட்டும் வரும் விடைகளைத் தாங்கள் ஏற்க வேண்டாம். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தடையாக நிற்பது எது, அதை நீக்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்ற நான்கும் விடையிலேயே இருக்க வேண்டும் என்று பணியுங்கள். தேதி கொடுத்த விடைகள் அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறட்டும். மக்களவையில் 1953 முதல் அப்படியொரு குழு இயங்குகிறது. தந்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்கே நடைமுறை. நம் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்கிறது. அது போகும் ஊர்களில், நிலுவையில் உள்ள உறுதிமொழிகள் எவை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், மக்களே அதன் முன்னால் வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, பேரவை கூடும் நாட்கள். அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல் தந்த அறிக்கையில், பெரிய மாநிலச் சட்டப்பேரவைகள் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாட்களாவது கூட வேண்டும் என்றது. 234 உறுப்பினர்கள் கொண்ட நம் பேரவை அதற்கு வெகுவாகக் கீழே நிற்கிறது. அவை கூடாத நாளில் எல்.ஏ.க்யூ. இல்லை, எல்.ஏ.க்யூ. இல்லாத நாளில் கயிறு கட்டிய கட்டுகள் அவிழ்வதில்லை. இது என் முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம்.

நான்காவதுதான் இந்த மடலை எழுத வைத்தது. அவையில் வாசிக்கப்பட்டாலும், நேரமில்லாமல் நின்றுபோனாலும், ஒவ்வொரு வினாவும் விடையும் இணையத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் கிடைக்கும்படி செய்யுங்கள். மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழி விடைக்காக 20 வினாக்கள், எழுத்து மூல விடைக்காக 230 வினாக்கள் வரை பட்டியலிடப்படுகின்றன. அந்த விடைகளை யாரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம். நாம் அதற்கும் ஒரு படி மேலே போகலாம். எந்த ஊரைப் பற்றிய வினாவோ, அந்த ஊராட்சிக்கு விடையின் நகல் போகட்டும். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கிராம சபையில் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு தபால்தலையும்தான்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் எழுதியது அன்று விடையாகவே அந்த ஊருக்குப் போயிருக்குமானால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மோர் கொடுத்த அந்த அம்மா ஊர்க்காரர்கள் நான்கு பேரோடு பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பார். "ஆறு சென்ட் நெலத்துக்கு எழுதிக் கொடுத்த கடுதாசி எங்க சார் இருக்கு?" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருப்பார். நான் எழுந்துபோய் அந்தக் கட்டை அவிழ்த்திருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்