ஸ்டார் ஷார்ட்ஸ்டாப் ஏன் மைனர் லீக் ஒப்பந்தத்துல சைன் பண்ணார்? - கவாசாகியின் கரியர் சொல்லும் கதை!

ஷோஹே ஒட்டானிக்கு 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர். யமமோட்டோவுக்கு 12 வருஷத்துக்கு 32.5 கோடி. ஜப்பான் பேஸ்பால் பத்தி உங்க டைம்லைன்ல ஏதாவது வந்திருந்தா, அநேகமா இந்த மாதிரி நம்பராத்தான் இருக்கும். அந்த லிஸ்ட்ல வராத ஒருத்தரைப் பத்திப் பேசலாம். பெயர் முனேநோரி கவாசாகி, ஷார்ட்ஸ்டாப்.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரெண்டாவது, மூணாவது பேஸ்களுக்கு நடுவுல நிற்கிற ஃபீல்டர்தான் ஷார்ட்ஸ்டாப். வலதுகை பேட்டர்கள் அடிக்கிற பந்து சீறி வர்ற ஏரியா. பேட்டர் ஓடி முதல் பேஸைத் தொடுறதுக்குள்ள பந்தை எடுத்து, அங்கே எறிஞ்சாகணும்.

ககோஷிமாவில் பிறந்த கவாசாகி, ஃபுகுவோகா ஹாக்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. 2004-ல அந்த லீக்கிலேயே அதிக பேஸ் திருடியவர் அவர்தான். 2006, 2009 ரெண்டு உலக பேஸ்பால் கிளாசிக் கோப்பையை வென்ற ஜப்பான் அணியிலும் இருந்தார். 2011-ல ஹாக்ஸ் ஜப்பான் சாம்பியன். அங்கேயே இருந்திருந்தா ராஜா வாழ்க்கைதான்.

ஆனா, அவருடைய ஹீரோ இச்சிரோ அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணியில் இருந்தார். அவரோட ஆடணும், வேற எந்த அணியும் வேண்டாம்னு 2012-ல மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் கவாசாகி. மெயின் டீமில் இடம் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லாத ஒப்பந்தம் அது. பயிற்சி முகாமில் ஆடிக் காட்டி இடம் பிடிச்சார். ஜூலையில் இச்சிரோ யாங்கீஸுக்குப் போயிட்டார். என்ன கொடுமை பாருங்க!

ஜப்பான் ஷார்ட்ஸ்டாப்களுக்கு அமெரிக்கா ராசியே இல்லைனு சொல்லலாம். பெரிய எதிர்பார்ப்போட மெட்ஸுக்கு வந்த கசுவோ மட்சுய், ரெண்டாவது பேஸுக்கு மாற்றப்பட்டார். நகஜிமா ஓக்லாந்துடன் ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டும், ஒரு மேஜர் லீக் மேட்ச்கூட ஆடலை.

கவாசாகி 5 சீசன் தாக்குப்பிடிச்சார். அடிச்சது ஒரே ஒரு ஹோம் ரன். நடுநடுவே மைனர் லீக்குக்கு இறக்கிவிட்டாங்க, திரும்பக் கூப்பிட்டாங்க. ஆனாலும் டொரான்டோ ரசிகர்களுக்கு அவர்னா உயிர். 2013 மே மாசம் ஓரியோல்ஸுக்கு எதிரா வெற்றி ஷாட் அடிச்சுட்டு, தட்டுத்தடுமாறி இங்கிலீஷ்ல அவர் கொடுத்த பேட்டி செம வைரல். தப்பா பேசிடுவோமோங்கிற கூச்சம் துளியும் இல்லை!

அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்தவங்களுக்கு அடுத்த செய்தி ஷாக்காத்தான் இருந்திருக்கும். 2017-ல ஹாக்ஸுக்குத் திரும்பினவர், 2018 மார்ச்ல 36 வயசுல அணியை விட்டு விலகினார். இதயத் துடிப்பு, செரிமானம்னு நாம நினைக்காமலேயே நடக்கிற வேலைகளைப் பார்த்துக்கிற நரம்பு மண்டலத்தில் பாதிப்புனு காரணத்தையும் மறைக்கலை. முழங்கால் வலி, தோள்பட்டை வலினு சொல்லிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா, அவருடைய கரியர்ல ரொம்பத் தைரியமான முடிவு இதுதான். லீவு கேட்கிறப்ப 'காய்ச்சல்'னே டைப் பண்ற நமக்கு அது புரியும்.

ஓய்வுனு அவர் அறிவிக்கவும் இல்லை. 2019-ல தைவானின் வெய் சுவான் டிராகன்ஸ் அணிக்குப் போனார். 2020 செப்டம்பரில் டோச்சிகி கோல்டன் பிரேவ்ஸில் சேர்ந்தார். உள்ளூர் ரசிகர்களை நம்பி நடக்கிற சுயேச்சை லீக் அணி அது. ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்ச மனுஷன், பாதி வயசுப் பசங்களோட அங்கே கிரவுண்டில் இறங்கினார்.