பிரிட்ஜ் எரிப்பது எத்தனை ரூபாய்?

“பிரிட்ஜ் வாங்கினால் கரண்டு பில் கட்டி மாளாது” என்று தயங்கும் உழைப்பாளிக் குடும்பங்கள் இன்றும் உண்டு. இந்த அச்சத்தில் பாதி தப்புக் கணக்கு. மறுபாதி முற்றிலும் நியாயமானது.

பெட்டியில் 150 வாட் என்றிருந்தால், அதை 24 மணியால் பெருக்கி, இரண்டு மாதத்துக்கு 216 யூனிட் என்று மலைத்துவிடுகிறார்கள். கம்ப்ரெசர் நாள் முழுவதும் ஓடுவதில்லை. குளிர் போதுமானதும் நின்றுவிடும். சூடேறினால் மீண்டும் ஓடும். ஆகவே கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அதில் அச்சிட்டிருக்கும். 200 என்றிருந்தால் ஆறால் வகுப்போம்: ஒரு பில்லுக்கு சுமார் 33 யூனிட். கதவு ரப்பர் தளர்ந்த பழைய பெட்டியானால் கூடும்.

அந்த 33 யூனிட்டின் விலை என்ன? தமிழ்நாட்டில் அது வீட்டுக்கு வீடு வேறுபடும். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்தே பார்ப்போம். (2024 ஜூலையில் அதையும் உயர்த்தினார்கள்.) முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட் எரித்த வீடு 123க்கு ஏறினால், 23 யூனிட்டுக்கு 2.25 வீதம் 52 ரூபாய்தான். 480 எரித்த வீடு 513க்கு ஏறினாலோ, 1,605 ரூபாய் பில் 2,054 ஆகிறது. அதே பெட்டிக்கு 449 ரூபாய்! இதில் 225 ரூபாய் பெட்டி எரித்த மின்சாரத்துக்கு அல்ல. 500ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 2.25க்குப் பதில் 4.50 போட்டுவிடுகிறார்கள். கோட்டைத் தாண்டியதற்கு அபராதம் என்றே இதை நாம் சொல்லுவோம்.

வாடகைக் குடித்தனக்காரரின் நிலை என்ன? வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வசூலித்தால், 33 யூனிட்டுக்கு 330 ரூபாய். தன் பேரில் இணைப்பு இருந்தால் 52 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியவர் இவர். 100 யூனிட் இலவசம் அவர் கண்ணில் படுவதே இல்லை. இணைப்பு யார் பேரில் உள்ளதோ, அவர் பில்லில் அது கழிந்துவிடுகிறது. மானியம் கொடுப்பது அரசாங்கம், அனுபவிப்பது வீட்டுக்காரர்! நாம் கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் இணைப்பு கொடு. 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டும் மேற்படிக் கட்டணம் போடு; கீழ்ப்படியைத் தொடாதே.